மறதி நோயும் மூளையின் குருத்தணுக்களும்

ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கியிருக்கும் மூதாட்டியார், தம் பத்தாம் வயதில் காவிரியில் வெள்ளம் வந்ததையும், நீர் வீட்டுத் திண்ணையில் எந்தப் படிவரை ஏறிற்று என்பதையும் சிறிதும் பிசகாமல் சொல்கிறார். ஆனால், அரைமணிக்கு முன் குடித்த காப்பியை மட்டும் மறந்து, "இன்னும் காப்பி கொடுக்கவில்லையே" என்கிறார். எழுபது ஆண்டுக்கு முந்தையது நிலைத்து நிற்க, இன்று காலையில் நிகழ்ந்தது நழுவிப் போவது எதனால்? "வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது" என்று சொல்லி மேலே போய்விடுவது நம்மவர் வழக்கம். ஆயினும் இவ்வகை மறதி பல வேளைகளில் முதுமை அன்று, அது நோய். 60 வயதைக் கடந்த இந்தியரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், நினைவும் அறிவும் தேயும் நோய்களுக்கு ஆட்பட்டிருக்கின்றனர் என்று 2023-ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று மதிப்பிட்டது. அந்நோய்களுள் மிகப் பெரியதும் பெயர் பெற்றதும் ஆல்ஸைமர் நோய்.

அந்நோயில் மூளைக்கு என்ன நேர்கிறது என்பதை முழுமையாக விளக்கப் புகுந்தால் ஒரு நூலே வேண்டும். நாம் எடுத்துக்கொள்ளும் பகுதி சிறியது. நோயின் வேராகக் கருதப்படும் சில புரதங்கள், மூளையில் புதிய நரம்பணுக்களைப் பிறப்பிக்கும் குருத்தணுக்களை என்ன செய்கின்றன என்பதே அது. சிறியதாயினும், நம் குடும்பங்களின் பணப்பையோடும் நம்பிக்கையோடும் தொடர்புள்ள பகுதி. அது ஏன் என்பது பின்னர் விளங்கும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஸ்டெம் செல் என்பதைத் தமிழில் தண்டணு என்பாரும், மூல உயிரணு என்பாரும், குருத்தணு என்பாரும் உண்டு. ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழிக்குக் கொண்டு சேர்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட நமக்குத் தண்டணு என்பது நிறைவளிக்கவில்லை. தண்டு என்பது வளர்ந்து முற்றியது. குருத்து என்பதோ இனி விரிய இருப்பது. தான் ஒரு வேலையும் ஏற்காமல், பிரிந்து பெருகிக்கொண்டும், தேவைப்படும்போது தன் வழித்தோன்றலை நரம்பணுவாகவோ துணையணுவாகவோ ஆக்கிக்கொண்டும் இருக்கும் அணுவுக்குக் குருத்தணு என்ற பெயரே பொருத்தம் என்று கொண்டு மேலே செல்வோம்.

1901-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் 51 வயதுடைய பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். நினைவு தடுமாறியது; பேச்சில் சொற்கள் சிக்கின; கணவர்மீது காரணமற்ற ஐயமும் இருந்தது. அவரைக் கவனித்து ஒவ்வொரு நாளும் குறிப்பெழுதியவர் டாக்டர் அலோய்ஸ் ஆல்ஸைமர். 1906 ஏப்ரலில் அப்பெண்மணி இறந்தபோது ஆல்ஸைமர் ம்யூனிக் நகருக்குப் பணி மாறியிருந்தார். எனினும் மூளையை வரவழைத்து, வெள்ளிச் சாயம் ஏற்றி, நுண்பெருக்கிக் கண்ணாடியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே கசடு உறைந்தாற்போன்ற திட்டுகள் இருந்தன. அணுக்களின் உள்ளே நூல் சிக்குண்டாற்போன்ற முடிச்சுகள் இருந்தன. 1906 நவம்பர் 3-ஆம் நாள் ட்யூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில் அவர் இதனை எடுத்துரைத்தார். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 1910-ல் அவருடைய தலைவர் கிரெப்லின் தமது பாடநூலில் இந்நோய்க்கு ஆல்ஸைமரின் பெயரை இட்டார். அப்பெயரே நிலைத்துவிட்டது.

திட்டுகளில் இருப்பது என்ன, முடிச்சுகளில் இருப்பது என்ன என்று அறிய மேலும் எழுபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் ஆயின. திட்டின் பொருளுக்கு அமிலாய்டு என்று பெயர். மாச்சத்துப் போன்றது என்பது அச்சொல்லின் பொருள். 1854-ல் விர்ச்சோ என்ற ஜெர்மன் மருத்துவ மேதை, உடலின் திசுக்களில் கண்ட இத்தகைய படிவின்மீது அயோடினைத் தடவ, அது நிறம் மாறக் கண்டு மாச்சத்தின் இனம் என்று முடிவு செய்தார். அது புரதம் என்று பின்னர்த் தெரிந்தது, பெயரோ மாறவில்லை. 1984-ல் அமெரிக்காவில் க்ளென்னரும் வாங்கும் இந்த நோயாளிகளின் மூளை உறையிலுள்ள இரத்தக் குழாய்களிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டனர். மூளைத் திட்டுகளில் இருப்பதும் அதுவே என அடுத்த ஆண்டிலேயே புலனாயிற்று. பீட்டா அமிலாய்டு என்னும் அத்துண்டு மிகச் சிறியது: 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் கோத்த சரம். இரண்டே மணிகள்தாம் வேறுபாடு எனினும், 42 மணிச் சரமே விரைவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கெடுதி செய்யும்.

முடிச்சுகளில் இருப்பது டாவ் என்னும் மற்றொரு புரதம். நல்ல நிலையில் டாவ் செய்யும் வேலை, பந்தலில் மூங்கில்களைக் கட்டி நிறுத்தும் கயிற்றின் வேலை போன்றது. நரம்பணுவின் நீண்ட விழுதினுள் சரக்குகள் போய்வரும் நுண்குழல்களை அது பிடித்து நிறுத்துகிறது. நோயுற்ற அணுவில் டாவ்மீது பாஸ்பேட் குறிகள் அளவு மீறி ஏறுகின்றன. பிடி தளர்கிறது, கயிறுகள் தமக்குள் முறுக்கிக்கொண்டு முடிச்சாகின்றன, பந்தல் சாய்கிறது.

ஆல்ஸைமர் தமது கண்டுபிடிப்பை எடுத்துரைத்த அதே 1906-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ காஹால், இத்தாலியரான கோல்ஜியுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நரம்பணுக்களின் வடிவத்தைக் கண்டு வரைந்து உலகுக்கு அளித்தவர் காஹால். வளர்ந்து முடிந்த மூளையில் நரம்பணுக்கள் இறக்குமேயன்றிப் புதியன பிறப்பதில்லை என்பது அவர் கொண்ட முடிபு. பெரியோர் வாக்கு ஆயிற்றே. அரை நூற்றாண்டுக்கு மேலாக அதனை எவரும் அசைக்க முற்படவில்லை.

அசைத்தவர் ஜோசப் ஆல்ட்மன். அணு இரண்டாகப் பிரியும்போது தன் மரபுப்பொருளுக்காக எடுத்துக்கொள்ளும் தைமிடின் என்ற பொருளில் கதிரியக்க ஹைட்ரஜனைக் கலந்து எலிகளுக்குச் செலுத்தி, எந்த அணுவில் கதிர் தோன்றுகிறதெனப் படம் பிடித்தார். 1962-ல் முதற் செய்தி வந்தது. 1965-ல் ஆல்ட்மனும் கோபால் தாஸும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, வளர்ந்த எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் புதிய நரம்பணுக்கள் தோன்றுகின்றன எனக் காட்டியது. நம்மவர் பலர் அறியாத பெயர் கோபால் தாஸுடையது; இத்துறையின் கால்கோளில் அவர் பங்கு உண்டு. கட்டுரையை உலகம் பொருட்படுத்தவில்லை. பின்னர் நாட்டபோம் என்பவர் கேனரிப் பறவைகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதை 1980-களில் மறுக்கவொண்ணாதபடி காட்டினார். 1992-ல் ரெய்னால்ட்ஸ், வைஸ் ஆகிய இருவர் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்தே குருத்தணுக்களைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்தனர். அதற்குப் பிறகுதான் பழைய முடிபு சரிந்தது.

ஹிப்போகாம்பஸ் என்றால் கடற்குதிரை. உருவ ஒற்றுமையால் வந்த பெயர். காதுக்கு உட்புறமாக, மூளையின் ஆழத்தில் இடமும் வலமுமாக இரண்டு உள்ளன. புதிய நினைவு பதியும் வாயில் அது. பழைய நினைவுகளோ காலப்போக்கில் மூளையின் மேற்புறணியில் பரவலாகச் சேமிக்கப்பட்டுவிடுகின்றன. ஆல்ஸைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களுள் ஒன்று இவ்வாயில். ஆகவேதான் காவிரி வெள்ளம் நிற்க, காலைக் காப்பி போய்விடுகிறது. கடற்குதிரையின் ஓர் ஓரத்தில் பல்வரிசை போன்ற மடிப்பொன்று உண்டு. அதன் விளிம்பில்தான் குருத்தணுக்கள் குடியிருக்கின்றன. அங்கே பிறக்கும் இளம் நரம்பணுக்கள், ஒன்றுபோல் தோன்றும் இரண்டினை வேறு வேறு என்று பிரித்தறிய உதவுவதைச் சுண்டெலிகளில் கண்டுள்ளனர். ஒரே வடிவில் வரிசை வரிசையாக நிற்கும் அரசாங்கக் குடியிருப்புகளில் வாழும் நேயர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். எந்த மாடிப்படி நம்முடையது, எந்தக் கதவு அடுத்த வீட்டாருடையது என்று பிரித்தறிவது இவ்வகைத் திறனே.

மனிதருக்கும் இது உண்டா? 1998-ல் ஸ்வீடன், அமெரிக்க விஞ்ஞானிகள், புற்றுநோய்ச் சோதனைக்காக அடையாளச் சாயம் பெற்றிருந்த ஐவரின் மூளைகளை அவர்கள் இறந்தபின் ஆராய்ந்து, ஆம் உண்டு என்றனர். 2013-ல் ஸ்டாக்ஹோம் நகரின் ஃப்ரீசென் குழுவினர் இன்னொரு வழி கண்டனர். 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தமையால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரி பெருகிற்று. 1963-ன் ஒப்பந்தத்திற்குப் பின் படிப்படியாகக் குறைந்தது. உணவின் வழியே உடம்புக்குள் வந்த அக்கரி, ஒவ்வோர் அணுவின் மரபுப்பொருளிலும் அது பிறந்த ஆண்டின் முத்திரையாக நிற்கிறது. அம்முத்திரையைப் படித்து, ஒரு பக்க ஹிப்போகாம்பஸில் நாளொன்றுக்குச் சுமார் 700 நரம்பணுக்கள் புதிதாகச் சேர்கின்றன எனக் கணக்கிட்டனர். அழிவுக்கென்று வெடித்தவை அறிவுக்குப் பயன்பட்டது ஒரு விந்தையே.

ஆயினும் வழக்கு முடியவில்லை. 2018 மார்ச்சில் கலிபோர்னியக் குழுவொன்று, மனிதரில் இப்பிறப்பு குழந்தைப் பருவத்திலேயே வெகுவாகக் குறைந்து, வளர்ந்தோரில் காணமுடியாத அளவாகிறது என்றது. அடுத்த மாதமே நியூயார்க் குழுவொன்று, முதுமையிலும் அது தொடர்கிறது என்றது. இரண்டும் புகழ்பெற்ற ஏடுகளில் வந்தவை. 2019-ல் மாட்ரிட் நகர விஞ்ஞானிகள் இச்சிக்கலில் ஒரு முடிச்சை அவிழ்த்தனர். இறந்தவரின் மூளையைப் பதப்படுத்தும் திரவத்தில் எத்தனை மணி நேரம் ஊற விடுகிறார்கள் என்பதைப் பொறுத்து இளம் நரம்பணுவின் அடையாளப் புரதம் தெரிவதும் மறைவதும் உண்டு என்று காட்டினர். நேரத்தை அளவோடு நிறுத்திப் பார்த்தபோது, நரம்பு நோயின்றி இறந்த, 43 முதல் 87 வயது வரையிலான 13 பேரின் மூளைகளில் ஆயிரக்கணக்கான இளம் நரம்பணுக்கள் தெரிந்தன. ஆல்ஸைமர் நோயாளிகள் 45 பேரின் மூளைகளில் அவை குறைந்திருந்தன; நோய் முற்ற முற்ற மேலும் குறைந்தன. 2025 ஜூலையில் ஃப்ரீசென் குழுவினர், பிறந்த குழந்தை முதல் 78 வயது வரையிலானோரின் மூளைகளை ஆராய்ந்து, பிரிந்து பெருகும் முன்னோடி அணுக்களை வளர்ந்தோரிலும் கண்டதாக வெளியிட்டனர். சிலரிடம் அவை நிறைய இருந்தன. சிலரிடம் ஏறக்குறைய இல்லை. மனிதருக்கு மனிதர் வேறுபாடு அத்துணைப் பெரிது.

இனி, புரதங்கள் குருத்தணுக்களை என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு வருவோம்.

பீட்டா அமிலாய்டு தானாகத் தோன்றுவதன்று. பெரிய தாய்ப்புரதம் ஒன்றிலிருந்து வெட்டப்படுவது. தாய்ப்புரதத்தின் மரபணு 21-ஆம் குரோமசோமில் இருப்பது 1987-ல் தெரிந்தது. அக்குரோமசோம் இரண்டுக்கு மூன்றாக அமையும் டவுன் கூட்டுநோய் உள்ளோருக்கு நாற்பது வயதளவிலேயே மூளையில் திட்டுகள் காணப்படுவதற்கு இதுவே காரணம். இத்தாய்ப்புரதத்தை வெட்டும் கத்தரிகள் மூன்று. ஆல்பா, பீட்டா, காமா என்று பெயர். ஆல்பாக் கத்தரி முதலில் வெட்டினால், வெட்டு அமிலாய்டுச் சரத்தின் நடுவே விழுகிறது. தீய துண்டு உருவாவதே இல்லை. மாறாக, வெளியே உதிரும் நீண்ட துண்டு குருத்தணுக்களுக்கு ஊட்டமாகிறது. அது அவற்றைப் பிரிந்து பெருகத் தூண்டுவதை 2004-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் சுண்டெலி மூளையில் காட்டினர். பீட்டாவும் காமாவும் வெட்டினால்தான் பீட்டா அமிலாய்டு பிறக்கிறது. ஆகவே ஒரே தாய்க்கு இரு வகைப் பிள்ளைகள். எந்தக் கத்தரி எட்டுகிறது என்பதைப் பொறுத்தது மற்றது.

பீட்டா அமிலாய்டு குருத்தணுவைத் தொடும்போது? 2002-ல் அமெரிக்காவில் ஹாகியும் மாட்சனும் உடன் உழைத்தோரும், நோய்க்குரிய மனித மரபணு புகுத்தப்பட்ட சுண்டெலிகளில் புதிய அணுக்கள் பிறப்பதும் பிழைப்பதும் குறைவதைக் கண்டனர். கிண்ணத்தில் வளர்த்த மனிதக் குருத்தணுக்களின்மீது அமிலாய்டு பட்டபோது, அணுவினுள் கால்சியத்தின் அளவு கட்டுமீறியது. அணுக்கள் தாமே மடியலாயின. கணக்கு இத்துடன் நேராகிவிட்டதெனில் எவ்வளவு நன்றாயிருக்கும்! 2004-ல் நியூயார்க்கில் லோபெஸ்-டொலெடானோவும் ஷெலான்ஸ்கியும் நேர் எதிரானதைக் கண்டனர். சில சரங்கள் மட்டும் சேர்ந்த சிறு கூட்டாக 42 மணி அமிலாய்டை இட்டபோது, குருத்தணுக்கள் அதிகமான நரம்பணுக்களைப் பிறப்பித்தன. 40 மணிச் சரத்துக்கு அவ்விளைவு இல்லை; நாராக உறைந்த அமிலாய்டுக்கும் இல்லை. அதே ஆண்டில், ஆல்ஸைமர் நோயாளிகளின் மூளையில் புதிய நரம்பணுக்களின் அடையாளங்கள் மிகுந்திருப்பதாக வேறொரு குழுவும் எழுதியது. 2006-ல் நெதர்லாந்துக் குழுவினர் அதனை மறுபடி ஆராய்ந்து, பெருகியவை நரம்பணுக்கள் அல்ல, துணையணுக்களும் இரத்தக் குழாய் சார்ந்த அணுக்களுமே என்றனர்.

இம்முரண்களைக் கண்டு விஞ்ஞானிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்று நகைப்பது எளிது. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எந்த வடிவில், எவ்வளவு அளவில், நோயின் எந்தக் கட்டத்தில் என்று கேட்டால் முரண் பெரும்பாலும் தணிகிறது. காயம் பட்ட கிளையில் முதலில் பல தளிர்கள் வெடிப்பதுண்டு. அவை அனைத்தும் கிளையாவதில்லை. மூளையும் முதற்கட்டத்தில் இழப்பை ஈடுசெய்ய முனைகிறது போலும். பிறந்த இளம் அணுக்கள் முதிர்ந்து பழைய வலையில் சேர்வதற்கு முன்பே மடிகின்றன. நாளடைவில் முனைப்பும் ஓய்கிறது.

காமாக் கத்தரியின் கதை தனியே சொல்லத் தக்கது. அதன் கூர்முனை பிரெசனிலின் என்ற புரதம். இதன் மரபணுக்களில் பிழை இருந்தால், குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இளவயதிலேயே ஆல்ஸைமர் நோய் வரும் என்பது 1995-ல் தெரிந்தது. காமாவை நிறுத்திவிட்டால் அமிலாய்டே உண்டாகாதே என்று கருதி, அதனை அடக்கும் செமகசெஸ்டாட் என்ற மருந்தைப் பல நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2010 ஆகஸ்டில் அச்சோதனை நிறுத்தப்பட்டது; மருந்து உண்டோரின் நினைவு, உண்ணாதோரைவிட மோசமாயிற்று; தோல் புற்றுநோயும் மிகுந்தது. காமாக் கத்தரி வெட்டுவது அமிலாய்டை மட்டும் அன்று. நாட்ச் என்றொரு புரதத்தையும் அது வெட்டுகிறது. குருத்தணு தன் இனத்தைக் காத்துக்கொண்டு, அவசரப்பட்டு முதிர்ந்துவிடாமல் இருப்பது நாட்ச் அனுப்பும் செய்தியால்தான். தோல் முதலிய பல உறுப்புகளுக்கும் அச்செய்தி தேவை. கெட்டதை வெட்டும் கத்தரியைப் பிடுங்கினால் நல்லதை வெட்டுவாரும் இல்லாமற் போகிறது. அம்மருந்து தோற்றதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட இயலாது. ஆனால் பெரிய காரணங்களுள் இது ஒன்று என்பதில் ஆய்வாளர் பலர் ஒத்திருக்கின்றனர்.

டாவ் புரதமோ நேரே குருத்தணுவிடம் போகாமல் அண்டை வீட்டாரைக் கெடுக்கிறது. குருத்தணுக்கள் எப்பொழுது உறங்கவேண்டும், எப்பொழுது பிரியவேண்டும் என்பதைச் சுற்றிலுமுள்ள அடக்கும் நரம்பணுக்கள், காபா என்ற வேதிப்பொருளைச் சுரந்து நெறிப்படுத்துகின்றன. பாஸ்பேட் ஏறிய டாவ் அந்த அணுக்களில் சேரும்போது காபாவின் செய்தி குன்றுகிறது; புதிய நரம்பணுக்களின் பிறப்பும் கெடுகிறது. இதனைச் சீன விஞ்ஞானிகள் 2020-ல் சுண்டெலிகளில் காட்டினர். அபோ-இ4 என்ற மற்றொரு புரதமும் இதே வழியில் கேடு செய்வது 2009-லேயே கலிபோர்னியாவில் தெரிந்திருந்தது. கொழுப்பைச் சுமந்து செல்லும் இப்புரதத்தின் நான்காம் வகையைப் பிறவியில் பெற்றோருக்கு முதுமை ஆல்ஸைமர் வரும் வாய்ப்பு மிகுதி என்பது 1993 முதல் அறிந்த செய்தி. வாய்ப்பு மிகுதி என்பதற்கு, வந்தே தீரும் என்று பொருள் அன்று. அவ்வகை இருந்தும் நோயின்றி முதிர்ந்தவர் பலர் உண்டு.

இவற்றோடு மூளையின் காவலணுக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமிலாய்டுத் திட்டுகளைக் கண்டதும் அவை சினந்தெழுந்து அழற்சிப் பொருள்களைக் கக்குகின்றன. அழற்சி மிகுந்த இடத்தில் இளம் நரம்பணு பிழைப்பது அரிது. உப்பேறிய வயலில் நாற்று நட்டாற்போல் என்று சொன்னால் டெல்டா மாவட்டத்தினர் உடனே புரிந்துகொள்வர்.

அவ்வாறாயின், குருத்தணுக்கள் குன்றுவதுதான் மறதிக்குக் காரணமா, அன்றி நோயின் பல விளைவுகளுள் ஒன்றா? 2018-ல் பாஸ்டன் நகரில் டான்ஸியின் குழுவினர் ஆல்ஸைமர் சுண்டெலிகளைக் கொண்டு செய்த சோதனை இங்கே நல்ல வெளிச்சம் தருகிறது. சுழலும் சக்கரத்தில் ஓடவிட்ட எலிகளுக்குப் புதிய நரம்பணுக்களும் பெருகின, நினைவும் தேறிற்று. ஓடவிடாமல், மருந்தாலும் மரபணு உத்தியாலும் நரம்பணுக்களை மட்டும் பெருக்கியபோது நினைவு தேறவில்லை. அதனுடன், நரம்பணுவைப் பேணும் பி.டி.என்.எஃப். என்ற ஊட்டப் புரதத்தையும் உயர்த்தியபோதுதான் ஓட்டத்தின் பயன் கிட்டிற்று. புதிய அணு பிறந்தால் மட்டும் போதாது. அது வேர்கொள்ளும் சூழல் வேண்டும். நம் கருத்தில், இத்துறையின் சோதனைகள் அனைத்திலும் சாமானியர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டெனில் அது இதுவே.

ஏனெனில், குருத்தணு என்ற சொல் விஞ்ஞானக் கூடத்தை விட்டு விளம்பரப் பலகைக்கு வந்துவிட்டது. பெருநகரங்கள் சிலவற்றில், குருத்தணுக்களை ஊசிவழி ஏற்றி மறதி நோயைப் போக்குவதாகச் சொல்லும் நிலையங்கள் உள்ளன. கேட்கும் தொகை லட்சக்கணக்கில். ஊரில் இருக்கும் ஒரு காணி நிலத்தை விற்றாவது தாயைத் தேற்றிவிடலாம் என எண்ணிய குடும்பங்களை நாம் அறிவோம். அவ்வெண்ணத்தின் பின்னுள்ள பாசத்தை எவரும் குறை சொல்லார். ஆனால், கையிலோ முதுகெலும்பிலோ ஏற்றும் அணுக்கள் பெரும்பாலும் எலும்பு மச்சையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுக்கப்படுபவை. அவை மூளையின் குருத்தணுக்கள் அல்ல. அவை கடற்குதிரை மடிப்பைச் சென்றடைந்து நரம்பணுவாகி இழந்த நினைவை மீட்டதாக மெய்ப்பிக்கப்படவில்லை. சென்றடைந்ததாகவே வைத்துக்கொண்டாலும், அமிலாய்டும் டாவும் அழற்சியும் நிறைந்த அந்நிலம் அப்படியேதானே இருக்கிறது? 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள், இரத்த நோய்கள் முதலிய சிலவற்றுக்கு இரத்தம் உண்டாக்கும் குருத்தணுக்களை மாற்றி வைப்பது ஒன்றையே நிலைபெற்ற சிகிச்சையாக ஏற்றன. மற்றவை அனைத்தும் முறைப்படி ஒப்புதல் பெற்ற ஆய்வாக மட்டுமே நடைபெறலாம் என்று வரையறுத்தன. அத்தகைய ஆய்வுகள் உலகில் சிறு அளவில் நடந்துதான் வருகின்றன. ஆய்வில் சேர்வோரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்குவது நெறியன்று. ஆகவே, "இது ஆய்வு" என்று சொல்லிக்கொண்டே விலைப்பட்டியலை நீட்டுவோரிடம், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ள எண்ணைக் கேட்டாலே பாதி உண்மை வெளிவரும்.

மெய்யான மருந்துகளின் நிலையையும் சொல்லிவிடுவோம். அமிலாய்டைப் பற்றி அகற்றும் லெகனிமாப் என்ற எதிர்ப்புரத மருந்துக்கு 2023 ஜூலையிலும், டொனனிமாப் என்பதற்கு 2024 ஜூலையிலும் அமெரிக்க அரசு முழு ஒப்புதல் அளித்தது. பதினெட்டு மாதச் சோதனையில் லெகனிமாப் பெற்றோரின் நலிவு, பெறாதோரின் நலிவைவிட 27 விழுக்காடு குறைவாயிருந்தது. நலிவு மெதுவாயிற்றேயன்றி நின்றுவிடவில்லை. நோயின் தொடக்கத்திலேயே தர வேண்டும். மூளையில் வீக்கமும் நுண்ணிய இரத்தக் கசிவும் சிலருக்கு நேர்வதால் அடிக்கடி மூளைப்படம் எடுத்துப் பார்க்கவும் வேண்டும். இவை நிலத்தைக் கழுவும் மருந்துகள். நாற்று நடுபவை அல்ல.

இறுதியாக, வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கே உரிய ஒரு செய்தி. 2013-ல் ஹைதராபாத் நகரின் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் உடன் உழைத்தோரும், நினைவிழப்பு நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசுவோருக்கு நோய் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் பிந்தியே தோன்றியதாகக் கண்டனர். எழுத்தறியாதோரிடமும் அவ்வேறுபாடு இருந்தது. அதனால் பள்ளிப் படிப்பு மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. வீட்டில் தமிழும் கடைவீதியில் இந்தியும் மராத்தியும் வங்காளமுமாக நாள்தோறும் மாறி மாறிப் பேசுவது நமக்கு வாழ்க்கைத் தேவை; மூளைக்கோ அது பயிற்சி.

ஆனால் முதுமையில் ஊரிலிருந்து வந்து சேர்ந்த தாய் தந்தையர்க்கு இவ்வாய்ப்பு இல்லை. புதிய இடத்தின் பாதையும் புதிய முகங்களின் பெயரும் பதிய வேண்டிய வாயில்தான் அவர்களுக்குப் பழுதாகி வருகிறது. மதுரையிலோ பாலக்காட்டிலோ ஐம்பது ஆண்டு நடந்த தெருவில் வெளித்தெரியாதிருந்த குறை, தில்லிக்கோ மும்பைக்கோ வந்த ஒரு மாதத்தில் வெளிப்படுவதுண்டு. இடம் மாற்றியதால்தான் நோய் வந்தது என்று உறவினர் ஒருவரையொருவர் நொந்துகொள்வதும் உண்டு. இடமாற்றம் நோயைப் படைப்பதில்லை. மூடியிருந்த திரையை விலக்குகிறது. மருத்துவமனையில் நினைவுச் சோதனைக்கு அழைத்துச் செல்லும்போது, கேள்விகள் தமிழில் கேட்கப்பட ஏற்பாடு உண்டா என முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம்; இல்லையெனில் தமிழ் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். இந்தியில் இன்று என்ன கிழமை என்று கேட்டால் விடை தெரியாமல் விழிக்கும் அம்மையார், "இன்றைக்கு வெள்ளிக்கிழமையாச்சே, விளக்கேற்றவில்லையா?" என்று தாமே நம்மைக் கேட்கக்கூடும்.